ஈரம் ஏறிய டிரான்ஸ்பார்மர்: ஆயிலை வடிகட்டுவதா, ஓவனில் உலர்த்துவதா, புதிது வாங்குவதா?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சி.என்.சி. மெஷின்கள் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் ஜனவரியில் போன் செய்தார். "சார், டிரான்ஸ்பார்மர் ஆயில் ரிப்போர்ட் வந்திருக்கு. பி.டி.வி. 24தான் காட்டுது. ஒருத்தர் ஃபில்டர் பண்ணா போதும்ங்கிறார். ஒருத்தர் ஆயிலையே மாத்தணும்ங்கிறார். இன்னொருத்தர் இதைக் கழட்டிப் போட்டுட்டு டிரை டைப் வாங்குங்கன்னு கொட்டேஷனே கொடுத்துட்டார். நான் எது செய்யட்டும்?"

பி.டி.வி. என்பது ஆயில் எத்தனை கிலோவோல்ட் வரை பொறி தாவாமல் தாங்கும் என்று காட்டும் எண். டிரை டைப் என்பது ஆயிலே இல்லாத டிரான்ஸ்பார்மர். அவருடையது 500 கே.வி.ஏ., 11 கே.வி.யை 433 வோல்ட்டாகக் குறைக்கும் சாதாரண டிரான்ஸ்பார்மர். 2009-ல் செய்தது. ஷெட்டின் பின்பக்கம், வெட்டவெளியில், தாழ்வான மேடை மேல் நிற்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் கொட்டியபோது அந்த மேடையைச் சுற்றி முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. எச்.டி. (உயர் அழுத்த) சப்ளை வாங்கியிருக்கும் சிறு தொழிற்சாலைக்காரர் பலரின் நிலை இதுதான் என்பதால் அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். இந்த வேலையில் இருபத்தைந்து வருடம் ஆகிறது. ஒரு தவறான முடிவால் நல்ல டிரான்ஸ்பார்மர் போனதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதையும் சொல்கிறேன்.

எந்த வழி நல்லது என்று கேட்பதற்கு முன்னால், தண்ணீர் எங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

தண்ணீர் குடியிருக்கும் இடம்

எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பது பேச்சு வழக்கு. உண்மையில் மிகக் கொஞ்சம் கரையும். 25 டிகிரியில் மினரல் ஆயில் ஏறத்தாழ 65 பி.பி.எம். வரை தண்ணீரைக் கரைத்து வைத்துக்கொள்ளும். அதாவது பத்து லட்சம் கிராம் ஆயிலில் 65 கிராம் தண்ணீர். 60 டிகிரிக்குச் சூடானால் 240 வரை தாங்கும்.

காயிலைச் சுற்றியிருக்கும் தாளும், லேயர்களுக்கு நடுவே வைக்கும் பிரஸ்போர்டும் வேறு ரகம். இரண்டும் மரக்கூழில் செய்தவை. பருத்தி வேட்டி வியர்வையை இழுப்பதுபோல இவை ஈரத்தை இழுத்து நாருக்குள் பிடித்துவைத்துக்கொள்ளும். தொழிற்சாலையிலிருந்து வெளியே வரும்போது இந்தத் தாளில் எடைக்கு அரை சதவீதத்துக்கும் குறைவாகத்தான் ஈரம் இருக்கும். 3 சதவீதத்தைத் தாண்டினால் நனைந்த டிரான்ஸ்பார்மர் என்றே சொல்லிவிடலாம்.

இப்போது ஒரு கணக்கு. நண்பருடைய டிரான்ஸ்பார்மரில் 500 லிட்டர் ஆயில் என்று வைத்துக்கொள்வோம். எடை சுமார் 435 கிலோ. 30 பி.பி.எம். ஈரம் என்றால் மொத்தம் 13 கிராம் தண்ணீர். ஒரு மேசைக்கரண்டிகூட நிறையாது. தாளும் போர்டும் சேர்ந்து 50 கிலோ, அதில் 3 சதவீதம் ஈரம் என்றால் ஒன்றரை கிலோ. ஒரு பக்கம் கரண்டி, இன்னொரு பக்கம் ஒன்றரை லிட்டர் பாட்டில்.

ஆயில் ரிப்போர்ட் சொல்வது அந்தக் கரண்டியைப் பற்றி. டிரான்ஸ்பார்மரின் ஆயுளைத் தீர்மானிப்பது அந்தப் பாட்டில். மூன்று கொட்டேஷன்காரர்களில் ஒருவர்கூட நண்பரிடம் இதைச் சொல்லவில்லை.

இவ்வளவு தண்ணீர் எப்படி உள்ளே போனது? எல்லோரும் முதலில் கைகாட்டுவது சிலிகா ஜெல்லை. டிரான்ஸ்பார்மர் மூச்சு வாங்கும் பிரீத்தர் என்ற குப்பியில், உள்ளே வரும் காற்றின் ஈரத்தை உறிஞ்ச வைத்திருக்கும் குருணை அது. பகலில் லோடு ஏறினால் ஆயில் விரிந்து காற்றை வெளியே தள்ளும். இரவில் சுருங்கி உள்ளே இழுக்கும். 500 லிட்டர் ஆயில் 30 டிகிரி ஏறி இறங்கினால் ஒரு மூச்சுக்கு 11 லிட்டர் காற்று. சென்னையில் 30 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரப்பதம் சாதாரணம். அந்தக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 24 கிராம் நீராவி இருக்கும். ஆக, ஜெல் முழுக்கச் செத்துப்போயிருந்தாலும் ஒரு நாளைக்குக் கால் கிராம்தான் உள்ளே போகும். வருடத்துக்கு 100 கிராம். இது சின்ன விஷயம் இல்லை, ஆனால் ஒன்றரை லிட்டரை ஜெல்லின் தலையில் மட்டும் கட்டிவிடவும் முடியாது.

பெரிய வழிகள் வேறு. கம்பி வெளியே வரும் பீங்கான் புஷிங்கின் கேஸ்கெட் காய்ந்து வெடித்திருந்தால் மழைத் தண்ணீர் நேராக இறங்கும். பிரீத்தர் அடைத்துக்கொண்டால் இன்னும் மோசம். சுருங்கும் ஆயிலுக்குக் காற்று வர வழியில்லாமல் உள்ளே அழுத்தம் குறையும். டேங்க் அந்தப் பலவீனமான கேஸ்கெட் வழியாக மழைநீரை உறிஞ்ச ஆரம்பித்துவிடும். புது பிரீத்தரை மாட்டும்போது அடியில் ஒட்டியிருக்கும் பேக்கிங் டேப்பை எடுக்க மறந்துவிடுவது நான் அடிக்கடி பார்க்கும் தவறு. பிறகு தாள் தானாகவே பழசாகும்போது செல்லுலோஸ் உடைந்து, அதிலிருந்தும் தண்ணீர் பிறக்கிறது. ஈரம் தாளை அரிக்கும், அரிபட்ட தாள் ஈரத்தைக் கொடுக்கும். ஏறத்தாழ ஈரம் இரண்டு மடங்கானால் தாளின் ஆயுள் பாதியாகும் என்பது இந்தத் துறையில் எல்லோரும் ஏற்றுக்கொண்ட கணக்கு.

ஏன் விடியற்காலையில் வெடிக்கிறது

ஆயிலின் தாங்கும் திறன் அதில் எத்தனை பி.பி.எம். இருக்கிறது என்பதை மட்டும் வைத்து இறங்குவதில்லை. அந்தச் சூட்டில் அதிகபட்சம் எவ்வளவு கரையுமோ, அதில் எத்தனை பங்கு நிரம்பியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. 40 பி.பி.எம். ஈரமுள்ள ஆயில் 60 டிகிரியில் ஓடும்போது ஆறில் ஒரு பங்குதான் நிரம்பியிருக்கும், எந்தக் கவலையும் இல்லை. அதே ஆயில் 25 டிகிரிக்கு ஆறினால் பாதிக்கு மேல் நிரம்பிவிடும். ஆறும்போது தாள் கொஞ்சம் தண்ணீரைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் செய்யும், ஆனால் தாளின் வேகம் மெதுவு, ஆயில் ஆறும் வேகம் அதிகம். ஆயிலில் மிதக்கும் நார்த்துகள்கள் அந்த ஈரத்தைக் குடித்து, மின்புலத்தில் வரிசையாக நின்று பாலம்போல ஆகிவிடும். மின்சாரம் அதன்மேல் நடக்கும்.

அதனால்தான் நனைந்த டிரான்ஸ்பார்மர்கள் ஃபுல் லோடில் ஓடும்போது தப்பித்துவிட்டு, பொங்கல் லீவில் நாலு நாள் குளிர்ந்து கிடந்து திங்கட்கிழமை காலை சுவிட்ச் போடும்போது போகின்றன. எதிர்ப்பக்கமும் ஆபத்து உண்டு. ஈரமான தாளைத் திடீரென்று ஓவர்லோடில் சூடேற்றினால் தண்ணீர் ஆவிக்குமிழியாக வெளியே வரும், அந்தக் குமிழியில் டிஸ்சார்ஜ் ஆகும். நம் ஊர் சிறு தொழிற்சாலைகளில் டிரான்ஸ்பார்மர் பெரும்பாலும் அரை லோடில் ஓடுவதால் இந்த இரண்டாவது வகை குறைவு.

முடிவெடுக்கும் முன் நாலு டெஸ்ட்

பி.டி.வி. என்பது 2.5 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள இரண்டு முனைகளுக்கு நடுவே ஆயிலை வைத்து, எத்தனை கிலோவோல்ட்டில் பொறி தாவுகிறது என்று ஆறு முறை பார்த்து எடுக்கும் சராசரி. ஓட்டத்தில் இருக்கும் 11 கே.வி. டிரான்ஸ்பார்மருக்கு 30-க்குக் கீழே வந்தால் ஏதாவது செய்தாக வேண்டும். ஆனால் 24 என்ற எண் ஈரத்தையும் காட்டலாம், வெறும் அழுக்கையும் காட்டலாம். சென்னை பாடி பகுதியில் ஒரு யூனிட்டில் 26 வந்தது. ஈரத்தைத் தனியாக அளக்கும் கார்ல் ஃபிஷர் டெஸ்டில் 14 பி.பி.எம்.தான். விசாரித்தால், சில மாதங்களுக்கு முன் திறந்து கிடந்த டிரம்மிலிருந்து டாப்-அப் செய்திருக்கிறார்கள். நாரும் தூசியும்தான் காரணம். ஒரு நாள் ஃபில்டர் போட்டோம், இன்றுவரை நன்றாக ஓடுகிறது. அங்கே காயிலைத் தூக்கி ஓவனில் வைத்திருந்தால் வீண் செலவு.

ஆகவே கார்ல் ஃபிஷர் டெஸ்ட் கட்டாயம். சாம்பிள் எடுத்த நேரத்தில் ஆயில் என்ன சூட்டில் இருந்தது என்பதையும் எழுதி வாங்க வேண்டும். சூடு குறிப்பிடாத பி.பி.எம்.முக்கு அர்த்தமே இல்லை, இரண்டும் சேர்ந்தால்தான் தாளில் எத்தனை சதவீதம் ஈரம் என்று கணிக்க முடியும். ஒரே மாதிரி லோடில் சில நாள் ஓடிய பிறகு, மழை இல்லாத நாளில், அடி வால்விலிருந்து முதலில் வரும் ஆயிலைக் கழித்துவிட்டு, உலர்ந்த கண்ணாடி பாட்டிலில் வழிய வழிய நிரப்பி மூட வேண்டும். பழைய மினரல் வாட்டர் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போன சாம்பிளை நம்பி லட்ச ரூபாய் முடிவை எடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

மூன்றாவது அமிலத்தன்மை. 0.3-ஐத் தாண்டியிருந்தால் ஆயிலே கெட்டுவிட்டது. நாலாவது ஃப்யூரான் டெஸ்ட். தாள் உடையும்போது ஆயிலில் கலக்கும் ஒரு பொருளை அளந்து, தாளில் இன்னும் எவ்வளவு பலம் மிச்சம் என்று மதிப்பிடுவார்கள். புதுத் தாளின் பலத்தைக் காட்டும் டி.பி. எண் 1000-க்கு மேல் இருக்கும். 200-க்கு வந்துவிட்டால் கதை முடிந்தது, உலர்த்தினாலும் உதிரும். சிறு டிரான்ஸ்பார்மருக்கு யாரும் ஃப்யூரான் எடுப்பதில்லை. பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா என்ற கேள்வி வந்துவிட்டால் இதைவிட மலிவான வழிகாட்டி எனக்குத் தெரியாது.

இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸை அளக்கும் மெகர் ரீடிங்கும் எடுங்கள், ஆனால் சூட்டைச் சேர்த்து எழுதுங்கள். 10 டிகிரி ஏறினால் இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸ் பாதியாகிவிடும். ஜனவரி காலையில் எடுத்ததையும் மே மாத மதியம் எடுத்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து "குறைஞ்சுபோச்சு" என்று பதறுவதில் பொருளில்லை.

வழி ஒன்று: இடத்திலேயே ஃபில்டர்

லாரியில் மெஷின் வரும். ஆயிலை 60 டிகிரி சொச்சத்துக்குச் சூடாக்கி, வடிகட்டி, வேக்யூம் சேம்பரில் ஈரத்தை உறிஞ்சிவிட்டு டேங்குக்கே திருப்பி அனுப்பும். ஒரு நாள் ஷட்டவுன். மாலையில் பி.டி.வி. 60-க்கு மேல் வரும், ரிப்போர்ட் கையில் கிடைக்கும். மனசுக்கு நிறைவாக இருக்கும்.

கணக்கு போட்டுப் பார்ப்போம். டேங்கிலிருந்து வரும் ஆயிலில் 40 பி.பி.எம்., மெஷினிலிருந்து திரும்பும்போது 5 என்றால், முழு டேங்கும் ஒரு சுற்று போனால் 15 கிராம் தண்ணீர் வெளியேறும். தாளிலிருந்து ஒரு லிட்டர் எடுக்க 65 சுற்றுக்கு மேல் வேண்டும். மணிக்கு 1000 லிட்டர் மெஷின் என்றால் நிற்காமல் 33 மணி நேரம். இதுகூட, தாள் ஒவ்வொரு சுற்றுக்கும் உடனுக்குடன் ஈரத்தை விட்டுக்கொண்டே இருக்கும் என்று வைத்துக்கொண்டால்தான். நடைமுறையில் தாளின் உள்ளடுக்கிலிருந்து ஈரம் வெளியே வருவது மிக மெதுவாக நடக்கும், தாள் காயக் காய வேகம் இன்னும் குறையும். 33 மணி நேரம் என்பது வாரக்கணக்கில் போகும். ஒரு நாள் வந்து போகும் மெஷின் அந்தக் கரண்டியைக் காலி செய்துவிட்டுப் போகிறது, பாட்டில் அப்படியே இருக்கிறது. சில மாதங்களில் தாள் திரும்ப ஆயிலுக்கு ஈரத்தைக் கொடுத்துவிடும்.

இன்னொரு விஷயத்தைக் கொட்டேஷன்களில் பார்க்கிறேன்: "வேக்யூமில் டிரான்ஸ்பார்மரை உலர்த்துவோம்". 11 கே.வி. டிரான்ஸ்பார்மர்களின் டேங்கும் ரேடியேட்டரும் பொதுவாக முழு வேக்யூமைத் தாங்கும்படி செய்யப்படுவதில்லை, இழுத்தால் நசுங்கும். வேக்யூம் இழுப்பது மெஷினின் சேம்பரில் மட்டும்தான். அதாவது உலர்வது ஆயில்.

இந்த வழியைக் கொஞ்சம் பலமாக்க முடியும். எல்.வி. (433 வோல்ட்) பக்கத்தை ஷார்ட் செய்துவிட்டு எச்.வி. (11 கே.வி.) பக்கத்தில் 415 வோல்ட் த்ரீ-ஃபேஸ் கொடுத்தால், இம்பீடன்ஸ் 4.5 சதவீதமுள்ள 11 கே.வி. டிரான்ஸ்பார்மரில் ஃபுல் லோடு கரண்டில் சுமார் 84 சதவீதம் ஓடும். காயில் உள்ளிருந்து சூடாகும், ஈரம் வெளியே வர வழி பிறக்கும். டேங்கைத் தார்ப்பாயால் சுற்றி, மெஷினை நாலைந்து நாள் விடாமல் ஓட்டினால் நல்ல பலன் உண்டு. காயில் சூட்டை அளந்துகொண்டே கூட ஆள் இருக்க வேண்டும், பழகியவர்கள் மட்டுமே செய்ய வேண்டிய வேலை. தாளில் ஈரம் 2 சதவீதத்தை ஒட்டி இருக்கும் டிரான்ஸ்பார்மருக்கு நான் இதைச் சொல்வேன். 3-ஐத் தாண்டியதற்குச் சொல்லமாட்டேன்.

சொல்லமாட்டேன் என்று உறுதியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் கிண்டியில் ஒரு யூனிட்டுக்கு ஒரு நாள் ஃபில்டர் போதும் என்று எழுதிக் கொடுத்தது நான்தான். அன்று மாலை பி.டி.வி. 65. அஞ்சு மாதம் கழித்து 29. "போன தடவை செஞ்ச மாதிரியே செஞ்சிடலாம்" என்றார்கள். தேதி குறிப்பதற்குள் தீபாவளி லீவு வந்தது. லீவு முடிந்து சுவிட்ச் போட்டபோது எச்.வி. காயில் போய்விட்டது. முதலாளி என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. பதினெட்டு நாள் ஷெட் இருட்டாகக் கிடந்தது. அந்த யூனிட்டில் வேலை பார்த்தவர்களுக்கு அந்த மாதச் சம்பளம் தள்ளிப்போனது எனக்குத் தெரியும். அன்றிலிருந்து கார்ல் ஃபிஷர் இல்லாமல் நான் எதையும் எழுதிக் கொடுப்பதில்லை.

வழி இரண்டு: ஆயிலை மாற்றுவது

ஈரத்துக்கு இது மருந்தே இல்லை. பழைய ஆயிலோடு 13 கிராம் தண்ணீர் போகும், ஒன்றரை லிட்டர் தாளில் தங்கும், புது ஆயில் சில வாரங்களில் பழைய நிலைக்கு வந்துவிடும். அமிலம் ஏறி, கசடு படிந்த ஆயிலுக்கு மட்டும் இது சரியான வழி. அப்போதும் உலர்த்திய பிறகு மாற்ற வேண்டும்.

மினரல் ஆயிலுக்குப் பதில் எஸ்டர் ஊற்றலாமே என்று இப்போது சிலர் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. தாவர எண்ணெயிலிருந்து வரும் எஸ்டர் அறை வெப்பத்தில் 1000 பி.பி.எம். அளவுக்குத் தண்ணீரைக் கரைத்துக்கொள்ளும், தாளிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், தீப்பிடிக்கும் வெப்பநிலையும் 300 டிகிரிக்கு மேல். ஆனால் அது காற்றோடு சேர்ந்தால் கெட்டியாகும். பிரீத்தர் வழியாகத் தினமும் மூச்சு வாங்கும் பழைய டிரான்ஸ்பார்மரில் ஊற்றக்கூடாது, மூடிய அமைப்பு வேண்டும். பழைய மினரல் ஆயில் காயிலில் ஊறி நிற்பதால் தீப்பாதுகாப்பின் பலனும் கொஞ்சம் குறையும். புது டிரான்ஸ்பார்மர் வாங்கும்போது யோசிக்க வேண்டிய விஷயம் இது.

வழி மூன்று: ஒர்க்‌ஷாப்பில் ஓவன்

கோர் என்ற இரும்பு உள்ளகத்தையும் காயிலையும் டேங்கிலிருந்து தூக்கி, வேக்யூம் ஓவனில் 100 டிகிரியை ஒட்டி வைத்து உலர்த்துவது. தாளிலிருக்கும் தண்ணீரை நேராகத் துரத்தும் வழி இதுதான். ஓவனில் மட்டும் இரண்டு மூன்று நாள். தூக்கிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து டெஸ்ட் முடிக்கப் பத்து நாளாவது ஆகும். அதுவரை வாடகை டிரான்ஸ்பார்மரோ டீசல் ஜெனரேட்டரோ வேண்டும். உண்மையான செலவு பெரும்பாலும் இந்த இடைக்காலச் செலவுதான், கொட்டேஷனில் அது வராது.

ஒர்க்‌ஷாப்பில் நேரில் போய் நில்லுங்கள். ஓவனில் சூடேற ஏற மெகர் ரீடிங் முதலில் விழும். பயப்பட வேண்டாம், ஈரம் அசைய ஆரம்பிக்கிறது என்று அர்த்தம். பிறகு மெல்ல ஏறும். ஏறி, பல மணி நேரம் ஒரே இடத்தில் நின்ற பிறகுதான் உலர்ந்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். மெகர் ரீடிங்கை மணிவாரியாக எழுதிய பதிவைக் கேளுங்கள். வைத்திருப்பவர் நல்ல ஒர்க்‌ஷாப்காரர். "மூணு நாள் வெச்சோம் சார், போதும்" என்பவரிடம் விலை குறைவாக இருந்தாலும் கொடுக்காதீர்கள்.

இன்னும் நாலு விஷயம். உலர்ந்த தாளும் போர்டும் சுருங்கும், காயில் தளரும். கிளாம்ப் போல்ட்டுகளைத் திரும்ப முறுக்காமல் டேங்கில் இறக்கினால் அடுத்த ஷார்ட் சர்க்யூட்டில் காயில் நகரும். ஓவனிலிருந்து எடுத்த காயிலைச் சென்னைக் காற்றில் ஆறவிட்டு வைக்கக்கூடாது, சில மணி நேரத்தில் டேங்குக்குள் போய் உலர்ந்த ஆயிலில் மூழ்க வேண்டும். மழை நாளில் டேங்கைத் திறக்கவே கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையை ஒத்திப் போடுவதில் தப்பில்லை. தையிலிருந்து பங்குனி வரை நல்ல காலம். கேஸ்கெட் முழு செட்டையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். பழைய கேஸ்கெட்டோடு மூடினால் ஈரம் வந்த வாசல் திறந்தே இருக்கும்.

வழி நான்கு: புதிது

டிரை டைப் பற்றி ஒரு நம்பிக்கை ஊரில் பரவியிருக்கிறது: ஆயில் இல்லை, ஆகவே ஈரப் பிரச்சினை இல்லை. காயில் ரெசினில் மூழ்கியிருப்பதால் உள்ளே ஈரம் போவது கடினம் என்பது சரி. ஆனால் வெளிப்பரப்பு திறந்திருக்கிறது. லேத் ஷெட்டின் உலோகத் தூசியும் எண்ணெய்ப் புகையும் அதில் படியும். நாலு நாள் மழையில் ஷட்டவுன் ஆகிக் குளிர்ந்தால் பனிபோல ஈரம் கோக்கும், அதன்மேல் மின்சாரம் நடந்து கரிக்கோடு போடும். ஹீட்டர் வைத்து, சுத்தம் செய்து, மெகர் பார்த்துத்தான் திரும்ப ஆன் செய்ய வேண்டும். அதற்குத் தனி அறை, காற்றோட்டம் வேண்டும். கட்டடத்துக்குள், பேஸ்மென்டில், ஆஸ்பத்திரியில், ஐ.டி. கட்டடத்தில் தீப்பாதுகாப்புக்காக டிரை டைப்தான் சரி, அங்கே வேறு பேச்சில்லை.

ஆனால் தண்ணீர் நிற்கும் தொழிற்பேட்டையில், தரைமட்ட அறைக்குள் டிரை டைப் வைப்பதை நான் ஏற்கமாட்டேன். ஆயில் டிரான்ஸ்பார்மரின் டேங்க் இரும்புப் பெட்டி. புஷிங்கும் பிரீத்தரும் மூழ்காதவரை முழங்கால் தண்ணீரில் அது நிற்கும். நண்பருடையது மிக்ஜாமில் பிழைத்தது அப்படித்தான். அந்த இடத்தில் டிரை டைப் இருந்திருந்தால் காயிலின் அடிப்பாகமே தண்ணீரில் இருந்திருக்கும்.

புதிதாக வாங்கியே ஆக வேண்டும் என்றால் சென்னைக்கு என் முதல் தேர்வு முழுக்க மூடிய ஆயில் டிரான்ஸ்பார்மர். டேங்குக்கு மேல் நிற்கும் ஆயில் பீப்பாயான கன்சர்வேட்டர் கிடையாது, பிரீத்தர் கிடையாது. மெல்லிய தகடு மடிப்புகள் விரிந்து சுருங்கி ஆயிலின் மூச்சைத் தாங்கிக்கொள்ளும். வெளிக்காற்றோடு தொடர்பே இல்லை. எஸ்டர் ஊற்ற நினைத்தால் இதில் ஊற்றலாம். ஒரு குறை உண்டு. எண்ணூர், திருவொற்றியூர், ஈ.சி.ஆர். பக்கம் உப்புக்காற்றில் அந்த மெல்லிய மடிப்புகள் துருப்பிடித்து ஓட்டை விழும். அங்கே கால்வனைஸ் செய்ததையோ கடலோரத்துக்கான பெயின்ட் அடித்ததையோ கேட்டு வாங்க வேண்டும். 2014-ல் திருத்திய ஐ.எஸ். 1180 தரத்தில் வருபவை, அதற்கு முந்தைய டிரான்ஸ்பார்மர்களைவிடக் குறைவான மின்சாரத்தைச் சூடாக வீணாக்கும். பழையதையே வெகு நாள் ஓட்டுவதா என்று யோசிக்கும்போது இந்தச் சேமிப்பையும் கணக்கில் எடுங்கள். மாற்றும்போது மின் ஆய்வுத் துறையின் ஒப்புதலுக்கான நாட்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நண்பர் எடுத்த முடிவு

கார்ல் ஃபிஷர் எடுத்தோம். ஆயில் 35 டிகிரியில் 42 பி.பி.எம். அந்தச் சூட்டில் 100 வரைதான் கரையும் என்பதால் நாற்பது சதவீதம் நிரம்பிய நிலை. தாள் 3 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்பதில் சந்தேகமே இல்லை. ஆக ஃபில்டர் வெளியே போனது. அமிலம் குறைவு, ஆகவே ஆயில் மாற்றுவதும் வெளியே. மிச்சம் ஓவனும் புதிதும். ஃப்யூரான் ரிப்போர்ட் வரும்வரை இரண்டையும் சம எடையில்தான் வைத்திருந்தேன். தாள் பாதிப் பலத்துக்கு மேல் இருக்கிறது என்று வந்தது. அரை லோடில் பதினைந்து வருடம் ஓடியதன் பலன் அது. அப்படிப்பட்ட தாளைத் தூக்கி எறிய எனக்கு மனம் வரவில்லை, ஓவன் என்று முடிவானது.

"சார், இதுக்கு அப்புறம் எத்தனை வருஷம் ஓடும்?" என்றார் நண்பர். "ஈரம் திரும்ப ஏறாம பார்த்துக்கிட்டா பத்து வருஷமாவது ஓடணும். ஏறவிட்டா நாலஞ்சு வருஷத்துல திரும்ப இங்கேதான் வந்து நிப்போம்" என்றேன்.

ஃப்யூரானில் தாள் முக்கால்வாசி போய்விட்டது என்று வந்திருந்தால் புதியதைத்தான் சொல்லியிருப்பேன். ஈரம் 2 சதவீதத்தை ஒட்டி இருந்திருந்தால் காயிலைச் சூடாக்கி நாலைந்து நாள் ஃபில்டர். ஈரமே இல்லாமல் பி.டி.வி. மட்டும் குறைந்திருந்தால் பாடியில் செய்ததுபோல ஒரே நாள்.

மாசியில் காயிலைத் தூக்கினார்கள். வாடகை டிரான்ஸ்பார்மரில் பதினோரு நாள் ஓட்டினார். டேங்கின் மேல்மூடி கேஸ்கெட்டில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு இருந்தது, மழைநீர் இறங்கிய துருக்கோடு உள்சுவரில் தெரிந்தது. ஆறு மாதம் கழித்து எடுத்த சாம்பிளில் 12 பி.பி.எம்.

பிரீத்தருக்கு இப்போது ஆரஞ்சு ஜெல் போட்டிருக்கிறோம். நீல ஜெல்லில் கோபால்ட் உப்பு இருப்பதால் கையாள்பவர்களுக்கு நல்லதல்ல. ஷெட்டின் வாட்ச்மேன் அண்ணன் ஒவ்வொரு திங்கட்கிழமையும் பிரீத்தரைப் போட்டோ எடுத்து எங்கள் இருவருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். அவருக்குச் சொல்லிக்கொடுத்தது இரண்டே விஷயம். அடியிலிருக்கும் ஆயில் கப்பில் கோடு வரை ஆயில் இருக்க வேண்டும். ஜெல் அடியிலிருந்து மேலாகப் பச்சையாகிக்கொண்டு வந்தால் சரி, மூன்றில் இரண்டு பங்கு வந்ததும் மாற்றலாம். மேலிருந்து கீழாகப் பச்சையானால் காற்று கப் வழியாக வராமல் மேல் இணைப்பில் கசிந்து வருகிறது, உடனே போன் செய்ய வேண்டும். போன வாரம் வந்த போட்டோவில் அடியில் இரண்டு விரல் உயரத்துக்குப் பச்சை, மேலே முழுக்க ஆரஞ்சு.